வேட்டைக்காரன் விட்டுப்போகும் விஷம்

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆனால் உலக நடப்பைக் கண் திறந்து பார்க்கிறவனுக்கு, விதைக்கிறவன் ஒருவனாகவும் அறுக்கிறவன் வேறொருவனாகவும் இருப்பதே பெரும்பாலும் தென்படுகிறது. காட்டில் மானைச் சுடுகிறவன் ஒருவன். அந்தக் குண்டின் விஷத்தால் சாகிறது, கடல் தாண்டி இரை தேடிவந்த ஒரு கழுகு. அதே மாதிரிக் குண்டின் துணுக்கைக் கறியோடு சேர்த்து விழுங்குவது, தானமாக வந்ததை வாங்கித் தின்ற ஏழை வீட்டுப் பிள்ளை. சுட்டவனோ வீட்டிற்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறான். இதில் எந்தக் கர்மம் யாருக்குப் பலித்தது என்று கேட்கிறோம்.

இது கட்டுக்கதையல்ல. சுமார் முப்பது வருஷ காலமாக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக்காட்டிவரும் சங்கதி. இதைப் படிக்கும் சில தோழர்கள், நம் ஊர்க் குடியானவனுக்கும் தொழிலாளிக்கும் ஆயிரம் தொல்லைகள் இருக்க, அயல்நாட்டு மானைப்பற்றியும் கழுகைப்பற்றியும் நமக்கென்ன கவலை என்று கேட்கக்கூடும். அதிலும் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டையே இன்று குற்றமாயிற்றே என்றும் சொல்லக்கூடும். வாஸ்தவந்தான். ஆனால் ஒரு வழக்கம் கெடுதியானது என்று கண்ணெதிரே ருசுவான பிறகும் மனிதன் அதை எப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறான், அதை விடச்செய்வதற்கு எது உதவுகிறது, எது உதவுவதில்லை என்பதை அறிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆகையால் சற்றுப் பொறுமையாய்ப் படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

காரீயம்

முதலில் ஈயம் என்றால் எது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம் என்னும் உலோகமாகும். நாம் இங்கே பேசுவது காரீயத்தைப்பற்றி. இது வேறு உலோகம். கனமானது, மெதுவானது, மலிவானது, கொஞ்சம் சூட்டிலேயே உருகிவிடுவது. இந்தக் குணங்களுக்காகவே பல நூறு வருஷங்களாகத் துப்பாக்கிக் குண்டுக்கு அதை உபயோகித்துவருகிறார்கள்.

காரீயம் உடம்புக்குள் போனால் உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்ளுகிறது. ரத்தம் ஊறுவதை அது தடுக்கிறது. நரம்பையும் மூளையையும் கெடுக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியையே குன்றச்செய்கிறது. இவ்வளவுக்குள் இருந்தால் கெடுதியில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று காணப்படவில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

சரி, குண்டுதானே, மானின் உடம்பில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது, அல்லது உள்ளே தங்கினால் எடுத்தெறிந்துவிடலாம் என்று எவரும் நினைப்பார்கள். அங்கேதான் மோசம் இருக்கிறது. வேகமாய்ப் பாயும் காரீயக் குண்டு எலும்பிலும் சதையிலும் மோதியவுடன் மலர்ந்து சிதறிவிடுகிறது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், காரீயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு மானுக்குச் சராசரி 136 துணுக்குகள் இருந்தன. அதிகமாக இருந்த ஒன்றில் 409. பல துணுக்குகள் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது, பல்லிலும் கடிபடாது. காயம் பட்ட இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளியும் அவை பரவிக் கிடக்கும். படத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகப் பனி தூவினாற்போல் தெரியும்.

மானும் ஓநாயும்

இனி ஜப்பானின் வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோ தீவின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அங்கே ஐனு என்னும் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். மான் அவர்களுக்கு முக்கியமான உணவு. வசநாபி இனத்துச் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த விஷத்தை அம்பின் முனையில் தடவி அவர்கள் மானை அடிப்பது வழக்கமாயிருந்தது. மான் விழுந்ததும், அம்பு தைத்த இடத்துச் சதையை அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்பார்கள். தங்கள் கையிலிருப்பது விஷம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால் அதை நீக்கவும் தெரியும்.

1876இல் ஜப்பான் சர்க்கார் இந்த விஷ அம்பைத் தடைசெய்தது. அம்புக்குப் பதில் துப்பாக்கி வந்தது. அம்பின் முனையில் விஷம் தடவினால் அது காட்டுமிராண்டித்தனம், குண்டு முழுவதுமே விஷமாயிருந்தால் அது நாகரிகம்! நாகரிகம் என்ற பெயரை ஒட்டிவிட்டால் எதையும் விற்றுவிடலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

தோலுக்காகவும் கறிக்காகவும் மான்கள் கணக்கின்றிச் சுடப்பட்டன. 1879இல் பெரும்பனி விழுந்து, எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி பட்டினியால் மாண்டது. மான் அகப்படாமற்போன ஓநாய்கள், சர்க்கார் புதிதாக ஏற்படுத்திய பண்ணைகளின் குதிரைகளை அடித்துத் தின்ன ஆரம்பித்தன. உடனே என்ன செய்தார்கள்? மானை அழித்தவர்களைக் கேட்கவில்லை. பசித்த ஓநாயைக் குற்றவாளியாக்கி, ஓநாய்த் தலைக்குச் சன்மானம் வைத்து, எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்டிரிக்னைன் என்னும் விஷத்தை இறைச்சியில் கலந்து போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹொக்கைடோ ஓநாய் பூண்டோடு ஒழிந்துபோயிற்று.

பிறகு மானைப் பாதுகாக்கவேண்டும் என்று வேட்டையைத் தடுத்தார்கள். தின்ன ஓநாயும் இல்லை, சுட மனிதனும் இல்லை. மான் மெல்லப் பெருகியது. இன்று அந்தத் தீவில் பல லட்சம் மான்கள் இருக்கின்றன. பயிரை மேய்ந்துவிடுவதால் குடியானவனுக்கு வருஷாவருஷம் பெருத்த நஷ்டம். குளிர்காலத்தில் மரப்பட்டையை உரித்துத் தின்பதால் காட்டிலே இளமரம் தலையெடுப்பதில்லை. சமீப வருஷங்களில் வருஷத்துக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் மான்கள் ரயிலில் மோதுகின்றன. ஆகவே வருஷந்தோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மான்களைச் சுட்டுத்தான் தொகையைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இங்கே ஜீவகாருண்யம் பேசும் கனவான்கள் குறுக்கிட்டு, மானைக் கொல்லுவதே பாவமல்லவா, அதில் ஈயம் என்ன செம்பு என்ன என்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். ஓநாயைக் கொன்றபோதே மனிதன் ஓநாயின் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டான். இனி அதைச் செய்யமாட்டேன் என்றால் மான் பெருகிக் காட்டைத் தின்று, பயிரைத் தின்று, கடைசியில் தானும் பட்டினியால் சாகும். குடியானவன் வயிற்றில் அடித்துவிட்டுச் செய்யும் காருண்யம் யாருக்கு வேண்டும்? எனவே கொல்லலாமா கூடாதா என்பதல்ல இங்கே கேள்வி. கொல்லுகிறவன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறானா, அல்லது பிறருக்கு விஷத்தை விட்டுவிட்டுப் போகிறானா என்பதே கேள்வி.

கழுகு செத்த விதம்

ருஷியாவின் கீழ்க்கோடியிலிருந்து குளிர்காலத்தில் ஹொக்கைடோவுக்கு வரும் ஸ்டெல்லர் கடற்கழுகு என்று ஒரு பறவை உண்டு. சிறகை விரித்தால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். உலகம் முழுவதிலும் சேர்ந்து சில ஆயிரங்களே உண்டு. கடலில் மீன் பிடித்துத் தின்பது அதன் இயல்பு. மீன் குறைந்தபோது அது காட்டுப்பக்கம் திரும்பியது. அங்கே வேட்டைக்காரர்கள் நல்ல கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தைப் பனியில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். கழுகுக்கு அது விருந்து.

மானின் தோல் தடிப்பானது. அதைக் கிழிப்பது கழுகுக்கும் கஷ்டம். ஆகையால் தோல் ஏற்கெனவே கிழிந்திருக்கும் இடத்திலிருந்தே தின்ன ஆரம்பிக்கிறது. தோல் கிழிந்திருக்கும் இடம் எது? குண்டு பாய்ந்த இடம். ஈயத் துணுக்குகள் நிறைந்திருக்கும் இடமும் அதுவேதான். கழுகின் வயிற்றுத் திராவகம் எலும்பையும் கரைக்கும் சக்தியுள்ளது. அது ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. சிறு துணுக்குகளே போதும். கழுகுக்கு ரத்தம் சுண்டிப்போகிறது, எச்சம் பச்சையாகப் போகிறது, சிறகில் பலம் இல்லாமற்போகிறது. வானத்தில் பறக்கவேண்டியது பனித்தரையில் தலை தொங்கி உட்கார்ந்திருந்து சாகிறது.

1996இல்தான் இப்படிச் செத்த கழுகின் உடம்பைச் சோதித்து, ஈய விஷந்தான் காரணம் என்று ஹொக்கைடோவில் முதன்முதலாகக் கண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஸ்டெல்லர் கழுகும் வெண்வால் கழுகும் இப்படியே கிடைக்க ஆரம்பித்தன. குஷிரோ என்னும் ஊரில் காட்டுப் பறவைகளுக்கு வைத்தியம் செய்துவரும் கெய்சுகே சைட்டோ என்ற மிருகவைத்தியர், செத்ததை அறுத்துப் பார்ப்பதும், பிழைக்கக்கூடியதற்கு ரத்தத்திலுள்ள ஈயத்தை இறக்க மருந்து கொடுப்பதும், கண்டதை ஊரறியச் சொல்லுவதுமாகப் பல வருஷம் உழைத்துவருகிறார்.

இதே கழுகு பழங்காலத்தில் செத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? காட்டுத் தேவதையின் கோபம் என்றிருப்பார்கள், அல்லது கெட்ட சகுனம் என்று பரிகாரம் செய்திருப்பார்கள். அதற்கும் நாலுபேர் தட்சணை வாங்கியிருப்பார்கள். கழுகும் தொடர்ந்து செத்துக்கொண்டே இருந்திருக்கும். அறுத்துப் பார்த்தவனே காரணத்தைக் கண்டான். பகுத்தறிவு என்று நாம் ஓயாமல் சொல்லுவது இதைத்தான்.

வழக்கத்தின் வக்கீல்கள்

காரணம் தெரிந்த பிறகு மாற்றவேண்டியதுதானே என்று சாதாரண மனிதன் நினைப்பான். செம்பினால் செய்த குண்டு இருக்கிறது. அது மோதினால் மலருமேயொழிய அநேகமாகச் சிதறுவதில்லை. செம்பு காரீயத்தைப்போல் கொடிய விஷமும் அல்ல. ஆனால் எந்த நாட்டிலும் வேட்டைக்காரர்களில் பலர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அவர்கள் சொன்ன ஆட்சேபணைகளைக் கேட்டால், நம் ஊரில் நாம் எதை மாற்றச் சொன்னாலும் கேட்கும் பதில்களே நினைவுக்கு வரும்.

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அவர்களெல்லாம் தின்று நன்றாய்த்தானே இருந்தார்கள்?” என்பது ஒன்று. பாட்டன் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று யார் அளந்து பார்த்தார்கள்? அளக்கும் கருவி இல்லாத காலத்தில் கெடுதி தெரியாமலிருந்ததைக் கெடுதியே இல்லாமலிருந்தது என்று சொல்லுவது எப்படி நியாயமாகும்?

“செம்புக் குண்டு விலை அதிகம்” என்பது மற்றொன்று. துப்பாக்கிக்கும் வண்டிக்கும் வெளியூர்ப் பிரயாணத்துக்கும் செலவு செய்கிறவனுக்கு, ஒரு மானுக்கு ஒன்றிரண்டு குண்டு செலவாவதில் விலை ஏறினால் குடிமுழுகிப் போய்விடுமா? அப்படியே கொஞ்சம் கூடுதல் ஆனாலும், மலிவு என்று இவர்கள் சொல்லுவது எதை? தான் கொடுக்கவேண்டிய விலையைக் கழுகின்மேலும் பிறர் பிள்ளைமேலும் போட்டுவிட்டால் எதுவும் மலிவாகத்தான் இருக்கும்.

“இப்படிச் சட்டம் போட்டால் வேட்டைத் தொழிலே அழிந்துபோகும்” என்பது மூன்றாவது. டென்மார்க் தேசம் 1996இலேயே ஈய ரவையை அடியோடு தடுத்துவிட்டது. அங்கே வேட்டை அழியவில்லை, வேட்டைக்காரரும் குறையவில்லை. அந்த அனுபவத்தின்மேல் 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் மானைச் சுடும் ரைபிள் குண்டிலும் ஈயத்தைத் தடுத்துவிட்டார்கள். உலகம் தலைகீழாய்ப் போய்விடவில்லை.

ஏழைக்குப் போன கறி

கழுகைப்பற்றிக் கவலைப்படாதவர்களும் மனிதனைப்பற்றிக் கவலைப்படுவார்கள் அல்லவா? அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் தங்களுக்கு மிஞ்சிய மான்கறியை ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையங்களுக்குத் தானம் கொடுப்பது உண்டு. நல்ல எண்ணத்தில் கொடுப்பதுதான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. 2008இல் வடக்கு டகோட்டா ராஜ்யத்தில் ஒரு டாக்டர், இப்படித் தானமாக வந்த கொத்துக்கறிப் பொட்டலங்கள் சுமார் நூற்றை எடுத்து எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துணுக்குகள் இருந்தன. சர்க்கார் அதிகாரிகள் அந்தக் கறியை எறிந்துவிடும்படி நிலையங்களுக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

நாம் முன்னே சொன்ன 30 மான்களின் கறியையும் கடைக்காரர்களிடம் கொடுத்து வழக்கம்போல் வெட்டிக் கொத்தி வாங்கிப் பார்த்தார்கள். 30இல் 24 மான்களின் கறியில் துணுக்கு அகப்பட்டது. அந்தக் கறியைச் சில பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது அவற்றின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. துணுக்கு இல்லாத கறியைத் தின்ற பன்றிகளுக்கு அப்படி ஏறவில்லை. அந்த நாட்டு நோய்த்தடுப்பு இலாகா வடக்கு டகோட்டாவில் 738 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில், வேட்டைக்கறி தின்கிறவர்களுக்குத் தின்னாதவர்களைவிட ஈயம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கூடுதல் பெரிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு மிகைப்படுத்திப் பேசவேண்டிய அவசியமில்லை. ஆனால் கெடுதியில்லாத அளவு என்று ஒன்று காணப்படாத விஷத்தை, கொஞ்சந்தானே என்று கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் யார் ஊட்டச் சம்மதிப்பார்கள்?

தர்மம் செய்கிறவனின் மனது சுத்தமாயிருந்தால் மாத்திரம் போதாது. வாங்குகிறவன் வயிற்றில் என்ன போகிறது என்பதே முக்கியம். கொடுத்தவனுக்குப் புண்ணியம் என்று கணக்கு எழுதிக்கொண்டு, தின்றவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்காத தர்மம் எந்தத் தேசத்தில் நடந்தாலும் அது கொடுப்பவனின் திருப்திக்காக நடப்பதேயாகும்.

வாக்கும் சட்டமும்

இனி, இதற்குப் பரிகாரம் எது என்பதில் உலக அனுபவத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 2020ஆம் வருஷம் பிப்ரவரியில் வேட்டை சம்பந்தமான ஒன்பது சங்கங்கள் கூடி, ஐந்து வருஷத்துக்குள் ஈய ரவையைத் தாங்களாகவே விட்டுவிடுவதாக அறிக்கை விட்டன. ரவை என்பது பறவை வேட்டைக்குச் சுடுவது. சொன்னார்களே, செய்தார்களா என்று ஆராய்ச்சிக்காரர்கள் வருஷந்தோறும் கடையில் வேட்டைக் கோழிகளை வாங்கி, அதிலுள்ள ரவையை எடுத்துச் சோதித்துவந்தார்கள். ஐந்து வருஷமும் முடியும் தறுவாயில் பார்த்தபோதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோழிகளில் இருந்தது ஈய ரவையே. கனவான்களின் வாக்குக்கு இருந்த மதிப்பு நூற்றுக்கு ஒன்று!

ஹொக்கைடோவில் சட்டம் போட்டார்கள். 2000இல் மானைச் சுட ஈய ரைபிள் குண்டு கூடாது என்றும், அடுத்த வருஷம் மற்ற ஈயக் குண்டும் கூடாது என்றும் தடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் சுடக்கூடாது என்றார்களே தவிர, வைத்திருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஜப்பானின் மற்றப் பகுதிகளில் அதே குண்டு கடையில் கிடைத்தது. காட்டில் சுடும்போதே கையும் களவுமாய்ப் பிடித்தாலொழிய குற்றத்தை ருசுப்பிக்க வழியில்லை. ஆகவே தடை வந்த பிறகும் ஈயம் ஏறிய கழுகுகள் கிடைத்துக்கொண்டேயிருந்தன. 2014இல்தான் மான் வேட்டைக்குப் போகிறவன் ஈயக் குண்டைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கினார்கள். 2021இல் ஜப்பான் சர்க்கார், நாடு முழுவதும் படிப்படியாய்க் கட்டுப்படுத்தி 2030க்குள் ஈய விஷத்தால் பறவைகள் சாவதை இல்லாமல் செய்யப்போவதாக அறிவித்தது. முதற்கழுகைக் கண்டு 25 வருஷம் கழித்து!

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் கதையும் இதுவே. அங்கே காண்டர் என்னும் பிணந்தின்னிப் பெரும்பறவை 1982இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தது. 1987இல் எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வைத்து வளர்த்து, 1992 முதல் திரும்பக் காட்டில் விட்டார்கள். இப்போது 500க்கு மேல் பெருகியிருக்கிறது. ஆனால் விட்ட பறவைகளைக் கொல்லும் காரணங்களில் முதலாவதாக நிற்பது ஈய விஷமே. ஏராளமான பணத்தையும் உழைப்பையும் கொட்டி ஒரு பக்கம் வளர்ப்பதும், மறுபக்கம் காட்டில் விஷத்தைப் போட்டுவைப்பதும் என்ன புத்திசாலித்தனம்? 2008 முதல் அந்தப் பறவை இருக்கும் பிரதேசத்தில் மாத்திரம் தடுத்தார்கள். 2013இல் ராஜ்யம் முழுவதற்கும் சட்டம் செய்து, 2019 ஜூலை முதல் முழுவதும் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? நல்ல புத்தி சொன்னால் திருந்துகிறவர்கள் கொஞ்சம் பேர். லாபமோ வழக்கமோ எதிரே நிற்கும்போது பெரும்பாலோர் சட்டமில்லாமல் திருந்துவதில்லை. சட்டமும் அரைகுறையாயிருந்தால் அதில் நுழைந்து போகவே வழி தேடுவார்கள். அறிவுப் பிரசாரமும் வேண்டும், அதன் முடிவில் ஓட்டையில்லாத சட்டமும் வேண்டும்.

தெய்வத்தின் தூதர்

மானுக்கு மரியாதை செய்தால் போதும், எல்லாம் சரியாய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக அதே ஜப்பானிலிருந்து இன்னொரு சங்கதி சொல்லுகிறோம். நாரா என்னும் ஊரில் கசுகா என்ற கோயிலின் சாமி வெள்ளை மான்மேல் ஏறி வந்ததாகக் கதை. அதனால் அந்த ஊர் மான்கள் தெய்வத்தின் தூதர்களாய்விட்டன. 1637 வரையில்கூட அங்கே மானைக் கொன்றவனுக்கு மரண தண்டனை விதித்திருக்கிறார்கள். ஒரு மானுக்காக மனிதனைக் கொல்லுவது பக்தி!

அந்தத் தெய்வத் தூதர்களின் கதி என்ன? 2019ஆம் வருஷம் மார்ச்சு முதல் ஜூலைக்குள் செத்த 14 மான்களை அறுத்துப் பார்த்ததில் 9 மான்களின் வயிற்றில் யாத்திரிகர்கள் எறிந்த பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒன்றின் வயிற்றில் மாத்திரம் 4.3 கிலோ. கும்பிட்ட கையே பையையும் எறிந்திருக்கிறது. வணங்குகிறவன் மானின் வயிற்றை நினைப்பதில்லை, தன் புண்ணியத்தையே நினைக்கிறான். மானுக்கு வேண்டியது கும்பிடல்ல, சுத்தமான தீனி.

கொம்பு எழுதும் கணக்கு

கடைசியாக ஒன்று. மானின் கொம்பு மாட்டின் கொம்புபோல் அல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை முளைத்து வளர்ந்து விழுந்துவிடும். அது வளரும் மாதங்களில் மான் தின்ற புல்லிலும் குடித்த தண்ணீரிலும் இருந்த ஈயம் அதில் படிந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு கொம்பும் அந்த வருஷத்துக் கணக்குப் புத்தகமாகும். ஜெர்மனியில் வேட்டைக்காரர்கள் வருஷம் குறித்துச் சுவரில் மாட்டிவைத்திருந்த ரோ மான் கொம்புகளை ஆராய்ச்சிக்காரர்கள் வாங்கிச் சோதித்தார்கள். ஆலைப் புகையையும் பெட்ரோலில் கலந்த ஈயத்தையும் சட்டம் போட்டுக் குறைத்த பிறகு, கொம்பிலும் ஈயம் குறைந்துவந்தது தெரிந்தது. அமெரிக்காவின் மெய்ன் ராஜ்யத்தில் மான் இனங்களின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் காட்மியம் என்னும் இன்னொரு கன உலோகம் சேர்ந்திருப்பதைக் கண்டு, அவற்றைத் தின்னவேண்டாம் என்று சர்க்காரே சொல்லிவைத்திருக்கிறது. காட்டு மிருகத்தின் உடம்பில் ஏறுவது, அதே காற்றையும் தண்ணீரையும் உபயோகிக்கும் மனிதன் உடம்பிலும் ஏறும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

நம் நாட்டிலும் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்பது 2000ஆம் வருஷத்தில்தான் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நிறுத்தினால் தொழில் கெடும் என்று சொன்னவர்கள் அதிலும் இருந்தார்கள். வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே தோழர்களே! நாம் வேட்டைக்காரனுக்கு விரோதிகளல்ல. மானைக் கும்பிடச் சொல்லுகிறவர்களும் அல்ல. மான் பெருகிய நாட்டில் அதைக் குறைக்கட்டும். ஆனால் செம்பு இருக்கும்போது ஈயத்தால் சுடவேண்டாம். சுட்ட உடலைக் காட்டில் போட்டுவிட்டு வரவேண்டாம். ஏழைக்குக் கொடுக்கும் கறியைச் சோதித்துக் கொடுக்கட்டும். இவற்றைப் பெரியமனிதர்களின் வாக்குக்கு விட்டுவிடாமல், விற்பதையும் வைத்திருப்பதையும் சேர்த்துத் தடுக்கும் சட்டமாக ஒவ்வொரு சர்க்காரும் செய்யட்டும். ஐனு வேட்டைக்காரன் தன் அம்பிலிருந்த விஷத்தை அறிந்திருந்தான், அறுத்தெறிந்தான். எக்ஸ்ரேயும் ஆராய்ச்சிச்சாலையும் கையில் வைத்திருக்கும் இந்தக் காலத்து மனிதன் அவ்வளவுகூடச் செய்யமாட்டேன் என்றால், அது அறியாமையாகாது, அக்கிரமமேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.